இடம் மாற்றினால் இலை உதிர்க்கும் செடி

செடிகொடிகள் வாய் திறந்து பேசிய காலம் ஒன்று இருந்தது. அப்போது அவற்றுக்கு இலைதான் கண். மனுசர் பார்வைக்கு எட்டாத தூரமெல்லாம் அவற்றுக்குத் தெரியும். இன்று நாம் வாசலில் வளர்க்கிற குரோட்டன்ஸ் செடிக்கு அந்தக் காலத்தில் ஒரே பச்சை நிறம். தனியாக ஒரு பேர்கூடக் கிடையாது.

ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஆவுடை என்று ஒருத்தி இருந்தாள். காற்றில் ஒடிந்து விழுந்த குச்சியை ஊன்றி, வேளை தவறாமல் தண்ணீர் விட்டு, அந்தச் செடியை இடுப்பு உயரத்துக்கு வளர்த்திருந்தாள். அவள் புருஷன் சடையாண்டி உப்பு வண்டிக்காரன். உப்பளத்துக்குப் போனால் எட்டாம் நாள் வீடு திரும்பிவிடுவான். அந்தத் தடவை எட்டு நாள் ஆயிற்று, பத்தும் ஆயிற்று. ஆளைக் காணோம். ஆற்றில் வேறு வெள்ளம்.

ஆவுடைக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவாள். வாசலில் நின்றால் உலை நினைவு வரும். பாதி பெருக்கின முற்றம் அப்படியே கிடக்கும். கடைசியில் கிழக்கு மூலையில் ஆற்றைப் பார்த்து நின்ற செடியிடம் வந்தாள்.

“வண்டி தெரியுதா?”

“இன்னும் இல்ல, தாயி.”

வெள்ளத்துக்குப் பயந்து மலைப்பாதையில் சுற்றி வருகிறானோ என்று நினைத்தாள். மண்வெட்டியால் செடியைப் பெயர்த்து மேற்கு மூலையில் நட்டாள். மறுநாள் தெற்கே. அதற்கும் மறுநாள் வடக்கே. போன இடத்திலெல்லாம் அதே கேள்வி, அதே பதில். பெயர்க்கப் பெயர்க்க வேர்முனைகள் அறுந்தன. இலைகள் வாடித் தொங்கின. அவளுக்கும் ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் காலையிலும் அவள் மண்வெட்டியோடு வந்தபோது செடி சொன்னது: “வெட்டாதே தாயி. எங்க நட்டாலும் அவர் வரமாட்டார்.”

ஓங்கிய கை அப்படியே நின்றது.

“வெள்ளம் வந்த அன்னைக்கே பாத்துட்டேன். வண்டி நடு ஆத்துல சாஞ்சுது. அவர் தலை ஒரு தரம் தெரிஞ்சுது. அப்புறம் தண்ணிதான்.”

“இத்தனை நாளா ஏன் சொல்லல?”

“சொன்னா நீயும் ஆத்துல போயி விழுந்துருவியோன்னு பயந்தேன்.”

ஆவுடை மண்வெட்டியைக் கீழே போட்டாள். தண்டை இரண்டு கையாலும் பற்றி, செடியைப் பிடுங்கி வெயிலில் வீசினாள். விறுவிறுவென்று ஆற்றுக்கு நடந்தாள்.

முழங்கால் ஆழம் இறங்கினாள். செக்கச் சிவந்த தண்ணீர் காலை இழுத்தது. அங்கே நிற்கும்போதுதான் செடி சொன்னது அவள் மனசில் ஏறியது. தன் வேர் அறுபட அறுபட, அவளை உயிரோடு வைத்திருக்கத்தானே அது ‘இன்னும் இல்ல’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்காகப் பயப்பட அந்த வீட்டில் மிச்சம் இருந்த ஒரே உயிர் அதுதான். கரையேறி ஓடினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் கடைசி இலையும் உதிர்ந்திருந்தது. கையில் எடுத்தால் வெறுங்குச்சி. பழைய கிழக்கு மூலையிலேயே குழி தோண்டி நட்டு, குடம் தண்ணீரையும் ஊற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை நாளில் அவள் ஓரிடத்தில் உட்கார்ந்தது அப்போதுதான்.

பிறகு எவ்வளவோ பேசிப் பார்த்தாள். செடி வாய் திறக்கவில்லை. ஆனாலும் தினமும் தண்ணீர் விட்டாள். யார் என்ன சொல்லியும் அதை நகர்த்தவில்லை. நாற்பது நாள் கழித்துத் துளிர் வந்தது. ஒரு இலையில் வெள்ளத்தின் சிவப்பு, ஒன்றில் உப்பளத்து வெயிலின் மஞ்சள், இன்னொன்றில் மழைமேகத்தின் கருப்பு. பார்த்ததைச் சொல்ல வாய் இல்லாமல் போனதால், செடி அதையெல்லாம் இலையிலேயே வைத்துக்கொண்டது.

அந்த வெள்ளத்துக்குப் பிறகுதான் குரோட்டன்ஸில் ஓர் இலையைப் போல இன்னோர் இலை இருப்பதில்லை. வேர் பிடித்த இடத்தைவிட்டு நகர்த்தினால், நகர்த்தியவர் ஏதும் கேட்பதற்கு முன்பே அது தன் இலைகளை உதிர்த்துவிடுகிறது.