இறங்காத திருஷ்டி பொம்மை

அரிசி ஆலை முதலாளி வைரப்பெருமாள் மாடி வீடு கட்டினார். மேஸ்திரி மாரிக்கண்ணு கடைசித் தவணையைக் கேட்டபோதெல்லாம், “வேலை இன்னும் முடியலடா, முடிஞ்சதும் பாக்கலாம்” என்றே அவர் விரட்டினார். ஆனால் கிரகப்பிரவேசத்துக்கு ஊரையே அழைத்துவிட்டார்.

அன்று காலை சம்பந்தி வீட்டார் காரைவிட்டு இறங்கினால், வாசலுக்கு மேலே நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்குகிறது திருஷ்டி பொம்மை!

“குடிபோற வீட்டுல இதை ஏண்டா இன்னும் தொங்கவிட்டிருக்கே?” என்று முதலாளி கத்தினார்.

மாரிக்கண்ணு கைகட்டிச் சொன்னான்: “வேலை முடியாத கட்டடத்துல பொம்மையை இறக்கக் கூடாதுங்களே, ஐயா. முடியலன்னு நேத்துகூட நீங்கதானே சொன்னீங்க?”

சம்பந்தி, “அரைகுறை வீட்டுக்கா எங்களைக் கூப்பிட்டீங்க?” என்றார்.

முதலாளி பதறினார். “ஐயோ, எல்லாம் முடிஞ்சிருச்சு சம்பந்தி!”

“அப்ப தவணையைக் கொடுங்க ஐயா, ஏணி எடுத்துட்டு வர்றேன்” என்றான் மாரிக்கண்ணு.