கொட்டாவிக்கு வந்த சட்டம்

முன்னொரு காலத்திலே ஒரு ராஜா இருந்தார் ஐயா. தங்கமான மனுஷர்தான், ஆனால் பாட்டு எழுதுவார். எழுதினதோடு விட்டாலும் பரவாயில்லை, தினமும் காலையில் சபையை உட்காரவைத்துத் தாமே பாடியும் காட்டுவார். ஒருநாள் பாட்டுக்கு நடுவே யாரோ கொட்டாவி விட, ராஜாவுக்கு வந்ததே கோபம்!

"நாளை முதல் என் பாட்டைக் கேட்டுக் கொட்டாவி விடுபவன் மீசையையும் இழப்பான், பதவியையும் இழப்பான். வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள்!"

பிரதானி அம்பலவாணருக்குக் கொள்ளை சந்தோஷம். ராஜாவைச் சிரிக்கவைக்கும் விகடகவி தாண்டவனைக் கண்டாலே அவருக்கு வயிற்றெரிச்சல். மறுநாள் விடிந்ததும் அவனை வீட்டுக்கு அழைத்து, நெய் மிதக்க மிதக்க வெண்பொங்கல் போட்டார். தாண்டவன் நாக்கை அடக்கினானா? மூக்குமுட்டத் தின்றான். கை கழுவும்போதுதான் உறைத்தது. 'அடப்பாவி, என் மீசைக்கல்லவா உலை வைத்துவிட்டான்! பதவி போனால் பெண்டாட்டி பிள்ளைக்குக் கஞ்சி ஏது?'

சபையில் ராஜா பாட ஆரம்பித்தார். நாவிதர் கத்தியோடு ஓரமாக நின்றார். தாண்டவனுக்குக் கொட்டாவி தொண்டைவரை வந்தது. பல்லைக் கடித்து அடக்கினான். மறுபடியும் வந்தது, பொங்கலாச்சே! கொட்டாவி விட்டால் வாய்க்கு நேரே சொடுக்குப் போடுவது நம் வழக்கமில்லையா? அவன் வாயை இறுக மூடிக்கொண்டு சொடுக்கை மட்டும் போட்டான். டக், டக், டக்.

"மகாராஜா! தாண்டவன் கொட்டாவி விடுகிறான்!" என்று துள்ளினார் பிரதானி.

"வாயே திறக்கவில்லை, மகாராஜா. சொடுக்குக்குத் தங்கள் ஆணையில் தடை இல்லையே? சந்தேகமானால் பிரதானியே பார்த்துக்கொண்டிருக்கட்டும்."

ராஜா பாட்டைத் தொடர்ந்தார். பிரதானி தாண்டவன் வாயையே உற்றுப் பார்த்தார். டக், டக். சொடுக்கைப் பார்த்தால் கொட்டாவி சும்மா இருக்குமா? பிரதானியின் வாய் 'ஆ'வென்று பிளந்தது. அதைப் பார்த்த ராஜாவும், பாடின வாயோடு, உள்நாக்குத் தெரிய ஒரு கொட்டாவி விட்டார்!

சபை மூச்சை அடக்கிக்கொண்டது. நாவிதர் கத்தியைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். ராஜா மீசையைப் பொத்திக்கொண்டு, "தாண்டவா, இதற்கு ஒரு வழி சொல்!" என்றார்.

"சட்டம் பாட்டைக் கேட்டவர்களுக்குத்தானே மகாராஜா? தாங்கள் பாடிக்கொண்டல்லவா இருந்தீர்கள்!"

"பிரதானி?"

"அவர் எங்கே கேட்டார்? என் வாயையல்லவா பார்த்துக்கொண்டிருந்தார். பொங்கல் போட்ட புண்ணியவான், மீசை இருந்துவிட்டுப் போகட்டும்."

பிரதானி தலையைக் குனிந்துகொண்டார். ராஜா குலுங்கக் குலுங்கச் சிரித்து, முத்துமாலையைக் கழற்றித் தாண்டவன் கழுத்தில் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"நாங்கள் கொட்டாவியை அடக்கியது போல, மகாராஜா மீதிப் பாட்டைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டால் போதும்."

ராஜாவுக்கு மறுபடியும் சிரிப்பு. ஏட்டைக் கட்டி வைத்துவிட்டார். அன்றைக்குச் சபை சீக்கிரமே கலைந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போய், கதவைச் சாத்தி, ஆசைதீரக் கொட்டாவி விட்டார்கள்.