குனியத் தெரியாத காற்று

காற்றுக்கும் காது இருந்த அந்தக் காலத்திலே, ஏழு மலைக்கு அப்பால், காட்டோரத்தில் பூவாத்தா என்று ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டுக் கதவு தாழ் விழாது. எத்தனை தரம் சாத்தினாலும் வாசல் நிலைமேல் 'டொக்' என்று ஒரு இடி. 'கிரீச்' என்று கதவு திறந்துகொள்ளும். தொட்டிலில் கைக்குழந்தை, காட்டில் சிறுத்தை. உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளாது, படுத்தால் கண் மூடாது.

புருஷன் மாரண்ணன் மூன்று மாதம் முன்பு ரசத்தில் உப்பில்லை என்று சண்டை பிடித்தான். "நான் போறேன்" என்றான். 'போயிட்டு வாரேன்' என்று சொல்லவில்லை. அவளாவது 'போயிட்டு வாங்க' என்றிருக்கலாம். "போங்க" என்றுவிட்டாள். ஆள் திரும்பவில்லை. அன்றைக்கே கதவும் கெட்டது.

தச்சர் வந்து கதவை இழைத்தார். டொக், கிரீச். கொல்லர் வந்து புதுத் தாழ்ப்பாள் அடித்தார். டொக், கிரீச். மூன்றாவதாக ஒற்றைக்காது மந்திரவாதி ஒரு கறுப்புப் பூட்டோடு வந்தான்.

"இதைப் போட்டா எந்தக் காத்தும் இந்தப் படி ஏறாது. காசு வேண்டாம். உன் கையால நீயே பூட்டணும், அவ்வளவுதான்."

"சும்மா குடுக்க நீ என்ன என் தாய்மாமனா?" என்றாலும், குழந்தையைப் பார்த்துப் பூட்டை வாங்கிவிட்டாள்.

டொக்!

"சீக்கிரம் பூட்டு, சீக்கிரம்!" என்று மந்திரவாதி பதறினான்.

பூவாத்தாவின் கை நின்றது. காற்று என்றால் கதவைத்தானே தள்ளும்? நிலையில் ஏன் இடித்துக்கொள்கிறது? இந்த வீட்டுக்குள் நெற்றியை இடித்துக்கொள்ளாமல் நுழையத் தெரியாத நெட்டையன் ஒருத்தன்தானே!

"அட பாவி, அவரையா காத்தாக்கிட்டே?"

"'வாரேன்' இல்லாத 'போறேன்' அநாதைச் சொல். எடுத்தவனுக்குச் சொந்தம்" என்று இளித்தான் அவன். "நீயே அவனை வெளியே வெச்சுப் பூட்டினா, என் உலைத் துருத்திக்கு ஆயுசுக்கும் காத்து!"

பூட்டைக் கிணற்றில் வீசினாள் பூவாத்தா. கதவை அகலத் திறந்தாள்.

"ஏனுங்க, உப்புப் போட்டாச்சு. வாங்க. குனிஞ்சு வாங்க."

காற்று ஒரு நொடி நின்றது. பிறகு, டொக்!

"ஐயோ, என் மண்டை!" நெற்றியைத் தேய்த்தபடி மாரண்ணன் உள்ளே நின்றான். வெளியே மந்திரவாதி உமி மாதிரி உதிர்ந்து பறந்தே போனான்.

கதவைச் சாத்தினாள். 'டக்' என்று தாழ் விழுந்தது.

அப்புறம் மாரண்ணன் விறகுக்குக் கிளம்பினாலும் சரி, தண்ணீருக்குக் கிளம்பினாலும் சரி, "போயிட்டு வாரேன்" என்று மூன்று தரம் சொல்வான். "ஒரு தரம் போதுமுங்க, போயிட்டு வாங்க" என்பாள் அவள். ஆனாலும் மூன்றையும் கேட்ட பிறகுதான் வாசலைவிட்டு நகர்வாள்.