மூன்றாம் படியில் அவிழும் பின்னல்

முப்பது வருடங்களுக்குப் பிறகு ஓர் அம்மா மகள் நாடகம் திரும்ப மேடை ஏறவிருந்தது. அன்று மகளாக நடித்த ரெஜினா டீச்சர்தான் இப்போது இயக்குகிறார். அம்மா வேடம் ஜெசிந்தாவுக்கு. டீச்சரிடம் ஆறு வருடமாக நடிப்புப் படிக்கிறவள்.

கடைசிக் காட்சியில், வீட்டை விட்டுப் போகப்போகிற மகளுக்கு அம்மா தலை பின்னிவிட வேண்டும். திட்டிக்கொண்டே பின்ன வேண்டும். பிறகு மகள் நான்கு படி இறங்கிப் போவாள். பார்க்கிறவர்களுக்கு அவள் முதுகும் அதில் ஆடும் பின்னலும்தான் தெரியும். அதோடு திரை.

ஒத்திகையில் பின்னல் மூன்றாம் படியிலேயே அவிழ்ந்தது. ஒரு நாள் அல்ல, ஐந்து நாளும்.

மகளாக நடிக்கும் அமலி சிரித்தாள். "அக்கா, பின்றீங்களா, ஈ ஓட்டுறீங்களா? தலையில கை இருக்கிறதே தெரியல."

"ஒரு ரப்பர் பேண்டு போட்டுக்கலாமா டீச்சர்?" என்றாள் ஜெசிந்தா.

"போட்டா முடி நிக்கும். காட்சி நிக்காது."



ஜெசிந்தா முக்காலியில் உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழமை நாடகம். வேற யாரையாவது போட்டுக்கங்க டீச்சர். என்னால முடியாது."

பக்கத்தில் ஜமுக்காளத்தில் அவளுடைய ஏழு மாதக் குழந்தை குப்புறக் கிடந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. இரண்டு கையிலும் சாக்ஸ்.

"இந்த வெயில்ல பிள்ளைக்குக் கையில என்னடி சாக்ஸ்?"

"நகம் வளர்ந்திருச்சு. முகத்தைக் கீறிக்கிறா."

"வெட்டி விடறது."

ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் வெட்டினப்போ சதையில பட்டிருச்சு டீச்சர். ஒரு சொட்டு ரத்தம். என்னைப் பார்த்துக்கிட்டே அழுதா. அதுக்கப்புறம் நான் தொடல. அவங்கப்பா ஊர்லேருந்து வந்தாத்தான்."

"ம்."

"குளிப்பாட்டக்கூட பயமா இருக்கு. நான் எங்கே போய் மேடையில அம்மாவா நிக்கிறது?"

டீச்சர் குழந்தையின் காலை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

ஜெசிந்தா கேட்டாள். "அந்தக் காலத்துல உங்களுக்கு அம்மாவா நடிச்சவங்க எப்படிப் பின்னுவாங்க?"

"இழுத்து."

"வலிக்காதா?"

டீச்சர் கையைத் தலைக்குக் கொண்டுபோனார். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி மடியில் போட்டார். பாதி நரைத்த முடி தோளில் விழுந்தது. ஜெசிந்தாவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து, சீப்பைத் தோளுக்கு மேலே நீட்டினார்.

"பின்னு."

ஜெசிந்தா முடியை மூன்றாகப் பிரித்தாள். பஞ்சைத் தொடுவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டாள்.

"இது வாசல் வரைக்கும்கூட வராது. இழு."

இழுத்தாள்.

"இன்னும்."

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"ஆ! வலிக்குதுடி!"

ஜெசிந்தாவின் கை அப்படியே நின்றது. சீப்பு தரையில் விழுந்தது. அமலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் திரும்பவில்லை. கீழே விழுந்த சீப்பை எடுத்து மறுபடி தோளுக்கு மேலே நீட்டினார். அப்படியே பின்னால் சாய்ந்து ஜெசிந்தாவின் முழங்காலில் முதுகை வைத்துக்கொண்டார்.

"ஏன் நிறுத்தின?"

"வலிக்குதுன்னு சொன்னீங்களே டீச்சர்."

"சொன்னேன். எந்திரிச்சா போயிட்டேன்?"