நூற்று எண்பத்தைந்து சென்டிமீட்டர்

விமானந்தாங்கிக் கப்பலை மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து, அதன் தளத்தில் நிற்கும் போர் விமானங்களின் நீளத்தைச் சொல்ல வேண்டும். அதற்கான பயிற்சி அது. கற்றுத்தருபவர் லூர்துமேரி, வயது முப்பத்திரண்டு. கற்பவர்களில் மூத்தவர் தணிகைவேலு, ஐம்பத்துமூன்று. நில அளவைத் துறையிலிருந்து மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்.

படங்களில் வரும் கப்பலில்தான் அவர் மகன் வேலை பார்த்தான். ஒரு சண்டைக்குப் பிறகு அப்பாவோடு பேசுவதில்லை. அம்மாவுக்கு மட்டும் போன் வரும். அவன் முகத்தைப் பார்த்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. இந்தத் தேர்வில் தவறினால் தணிகைவேலு பழைய அலுவலகத்துக்கே திரும்ப வேண்டும்.

தேர்வுக்கு ஒரே படம். தாழப் பறந்து எடுத்தது. விமானங்கள் இறக்கையை மடக்கி நின்றன. அகலத்தை நம்ப முடியாது. சூரியன் பாதி வானத்தில் இருந்த நேரம் என்பதால், தளத்தில் நின்றவர்களின் நிழல் அவரவர் உயரமே இருந்தது. ஓர் ஆளின் நிழலைக் கோலாக வைத்து விமானத்தை அளக்கலாம். ஆள் யாரென்று தெரியாததால் உயரம் நூற்றெழுபது சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் லூர்துமேரி.

மற்ற எல்லோருக்கும் பதினாறு மீட்டர் வந்தது. தணிகைவேலுவுக்குப் பதினேழரைக்குக் கொஞ்சம் குறைவு.

"சர்வேயர் சார் பக்கத்து நிலத்தையும் சேர்த்துப் பட்டா போட்டுட்டார்" என்றார் உடன் படிக்கும் பஷீர். தணிகைவேலுவும் சிரித்தார்.

மற்றவர்களை அனுப்பிவிட்டு லூர்துமேரி அவருடைய தாளைப் பார்த்தார்.

"எவ்வளவு உயரம் வச்சீங்க, ஐயா?"

"நூத்தி எண்பத்தஞ்சு."

"ஏன்?"

அவர் பூதக்கண்ணாடியைப் படத்தின்மேல் நகர்த்தினார். ஒருவன் இடுப்பில் கையை ஊன்றி நின்றிருந்தான்.

"என் பையன் இப்படித்தான் நிப்பான், டீச்சர். அவன் உயரம் எனக்குத் தெரியும்."

லூர்துமேரி வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு விமானத்தின் கையேட்டைத் திறந்து காட்டினார். நீளம் பதினாறு மீட்டர் என்று அதில் அச்சாகியிருந்தது.

"இப்ப விமானத்தைக் கோலா வச்சு அந்த ஆளை அளங்க."

தணிகைவேலு பென்சிலை எடுத்தார், வைத்தார். அளக்காமல் விட்டால் என்ன என்று கேட்டார். விடலாம், ஆனால் திருத்தாத தாளில் தேர்ச்சி என்று எழுத முடியாது என்றார் லூர்துமேரி.

அவர் அளந்தார். மறுபடியும் அளந்தார். இரண்டு முறையும் நூற்றெழுபதுதான் வந்தது.

பூதக்கண்ணாடியை எடுக்க மனமில்லாமல் அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவன் இல்ல, டீச்சர்."

லூர்துமேரி தாளில் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேசை விளக்கை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"தளத்துல நாற்பது நிழல் இருக்கு, ஐயா. நீங்க ஒண்ணைத்தான் அளந்திருக்கீங்க."