மர்ம மனிதர் கை தூக்கிய கதை

வெள்ளரிக்குளத்துக்காரர்கள் முட்டாள்கள் என்று நான் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். எனக்குப் பெண் கொடுத்த ஊர் அது. ஆனால் அந்த ஊர்க் கேபிளில் ஓடும் கொக்கரக்கோ டிவிக்கு ‘இடிமாறன்’ தொடரை எடுத்தார்களே நாலு பேர், அவர்களுக்காகச் சத்தியம் பண்ணச் சொன்னால் மட்டும் நான் மெதுவாக நகர்ந்துவிடுவேன்.

இயக்குநர் மாசிலாமணி. கேமரா பிடிப்பது ஒச்சப்பன். உடை, ஒப்பனை, மதியச் சாப்பாடு மூன்றும் முத்துப்பேச்சி அக்கா பொறுப்பு. நாலாவது ஆள் கோதண்டம். அவன்தான் இடிமாறன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வானத்திலிருந்து குதித்து வில்லன்களை நொறுக்குவான். மற்ற நாளெல்லாம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் பரோட்டா அடிப்பான். தொப்பை கொஞ்சம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவான்.

கதை எழுதுகிற ஆவுடையப்பனுக்கு மட்டும் கொஞ்சம் விவரம் உண்டு. போன வாரம் அவர் ‘இடிமாறன் மலையைப் பெயர்க்கிறான்’ என்று எழுதிக் கொடுத்தார். மலைக்குப் போக அன்றைக்குப் பஸ் இல்லை. அதனால் இவர்கள் இடிமாறனை உட்காரவைத்து ஒரு கூடை வெங்காயம் உரிக்கவைத்து எடுத்துவிட்டார்கள். டிவியில் அதைப் பார்த்த ஆவுடையப்பன் அழுதார். வெங்காயத்தால் அழவில்லை.

டிவி முதலாளி அருளானந்தம் அழவில்லை. மாசிலாமணியைக் கூப்பிட்டு நிறுத்தி, “இந்த வாரமும் ஊர் பார்க்கலைன்னா, பதினோரு மணியை என் மச்சினன் மூலிகை வைத்தியத்துக்குக் கொடுத்துருவேன். நீ உன் மாமனார் சிமென்ட் கடைக்கே போயிரு” என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கடையில் மூன்று வருஷம் மூட்டை இறக்கியவர் மாசிலாமணி. மாமனார் இருமினால்கூட மருமகன் எழுந்து நிற்க வேண்டும். ‘இயக்குநர்’ என்று ஊரில் இரண்டு பேர் கூப்பிடத் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. அந்த இரண்டு பேரையும் விட்டுவிட்டு மறுபடி மூட்டைக்குப் போக அவருக்குக் கொஞ்சமும் மனசில்லை.

ஆவுடையப்பன் கொழுந்தியாள் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் கிளம்பும்போது, புதுக் கதையைக் கையில் திணித்து நாலு பேரிடமும் சத்தியம் வாங்கினார். “எழுதினதை எழுதினபடி எடுக்கணும். ஒரு எழுத்து மாறக் கூடாது. மாறுச்சு, நான் மனுசனா இருக்க மாட்டேன்.”

அப்படியே செய்தார்கள். அதுதான் வினை.

சனிக்கிழமை காலை, பூட்டிக் கிடக்கும் அரிசி ஆலையின் களத்தில் படப்பிடிப்பு. கோதண்டம் வழக்கம்போல் இன்னும் வரவில்லை. மாசிலாமணி காகிதத்தைப் பிரித்து முதல் வரியைப் படித்தார்.

“‘ஊருக்கு ஒரு மர்ம மனிதன் வருகிறான். அவன் யாரென்று இந்த உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.’ இதுக்கு நான் செல்வக்கனியை வரச் சொல்லியிருக்கேன்.”

“செல்வக்கனியை எனக்குத் தெரியுமே” என்றாள் முத்துப்பேச்சி. “அவரு கல்யாணத்துல நான்தான் பந்தி விசாரிச்சேன்.”

மாசிலாமணி யோசித்தார். “அப்ப வெளியூர் ஆளைக் கூப்பிடுவோம்.”

“கூப்பிடுங்க. ஆனா அவனை அவன் பொண்டாட்டிக்குத் தெரியுமே. அந்தப் பொம்பளையும் இந்த உலகத்துலதானே இருக்கா?” என்றான் ஒச்சப்பன்.

“கல்யாணம் ஆகாதவனா இருந்தா?”

“அவனைப் பெத்தவளுக்குத் தெரியும்.”

மூன்று பேரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் முத்துப்பேச்சிதான் வழி சொன்னாள். கறுப்பு உடுப்பையும் முகமூடியையும் ஆலையின் பின் அறையில் தொங்கவிடுவது, பின்கதவைத் திறந்து வைப்பது, மூன்று பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பது. வருகிறவன் வந்து மாட்டிக்கொள்ளட்டும். நாம் பார்க்கவில்லை என்றால் நமக்குத் தெரியாது. வருகிறவன் தடுமாறக் கூடாது என்று, ஆவுடையப்பன் எழுதிய குறிப்பையும் உடுப்பில் ஊசி குத்தி வைத்தாள். ‘மர்ம மனிதன் பேசுவதில்லை. தன் முகமூடியைக் கழற்றுவதில்லை.’

இங்கே உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மூன்று பேரும் சுவரைப் பார்த்து நின்ற நேரம், பின்கதவு வழியாக வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தவன் நம்ம கோதண்டம். சால்னா நாற்றம் அடிக்கிற பழைய சிவப்பு இடிமாறன் உடுப்பை மாற்றித்தரச் சொல்லி ஒரு மாதமாகக் கெஞ்சியவன் அவன். கறுப்பு உடுப்பைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. “அண்ணன் மனசு தங்கம்” என்று சொல்லிக்கொண்டே மாட்டினான். குறிப்பைப் படித்தான். அந்த நிமிஷமே வாயை இறுக்க மூடிக்கொண்டான். அவனும் சத்தியம் பண்ணியவன்தானே.

அதற்குள் மாசிலாமணி இரண்டாவது வரியைப் படித்திருந்தார். “‘அவன் எங்கிருந்து வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை.’ ஒச்சப்பா, எல்லாரும் கண்ணை மூடிக்கணும். நீயும்தான்.”

“நான் மூடிக்கிறேன்ணே. கேமரா பார்க்குமே?”

இந்தக் கேள்வியின் நியாயம் மாசிலாமணியை அசைத்துவிட்டது. “அதையும் மூடு” என்றார்.

ஒச்சப்பன் கேமராவை ஓடவிட்டு, அதன் மூடியை எடுத்துக் கண்ணாடியில் அழுத்தி மாட்டினான். பிறகு அதைக் கழற்றச் சொல்லிக் கதையில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எனவே அவன் கழற்றவில்லை.

கண்ணைத் திறந்தபோது களத்தின் நடுவில் கறுப்பாக ஓர் உருவம் நின்றது. தொப்பை முன்னால் இருந்தது. லேசாகச் சால்னா வாசம் வீசியது.

“அடேங்கப்பா! யாருன்னே தெரியலையே!” என்று மாசிலாமணி பூரித்துப்போனார்.

அடுத்த வரி, ‘அவன் பார்வை பட்ட இடம் பற்றி எரியும்.’ உமிக்குவியலுக்கு முன்னால் மர்ம மனிதனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அவனும் பார்த்தான். அரை மணி நேரம் பார்த்தான். வெயில் ஏறியது. ஒரு காக்கா வந்து குவியல்மேல் உட்கார்ந்து, பயம் ஏதும் இல்லாமல் கிளம்பிப் போனது.

நின்று நின்று கால் கடுத்த ஒச்சப்பன் ஒரு பீடியைப் பற்றவைத்து, தீக்குச்சியைத் தோளுக்குமேல் பின்னால் வீசினான். பின்னால் இருந்தது அந்த உமிதான். கொஞ்ச நேரத்தில் குபுகுபுவென்று புகை.

“ஆத்தாடி! எரியுதே!” என்று முத்துப்பேச்சி அலறினாள்.

ஒச்சப்பன் பீடியைக் கீழே போட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். “அண்ணே, இவரு நடிகர் இல்ல. நிஜமாவே சக்தி உள்ளவரு.” அந்த நொடியிலிருந்து மர்ம மனிதன் மர்ம மனிதர் ஆகிவிட்டார். நானும் இனி அப்படியே சொல்லிவிடுகிறேன், வம்பு எதற்கு?

மூன்று வாளித் தண்ணீர் ஊற்றித் தீயை அணைத்ததும், முத்துப்பேச்சி அவரைப் பணிவாக அடுப்படிக்கு அழைத்துப் போனாள். “ஐயா, விறகு ஈரமா இருக்கு. கொஞ்சம் இந்தப் பானையைப் பார்த்தீங்கன்னா நாலு பேரும் சாப்பிடலாம்.” ஐயா பானையைப் பார்த்தார். பசியோடுதான் பார்த்தார். இரண்டு மணி வரைக்கும் அரிசி அரிசியாகவே கிடந்தது. “ரேஷன் அரிசி. சாமியே வந்தாலும் லேசுல வேகாது” என்று அவள் அவருக்கு ஆறுதல் சொன்னாள்.

சாப்பாடு இல்லாமலே பொழுது சாய்ந்து ஐந்து மணியானது. ‘இடிமாறன் மர்ம மனிதனோடு மோதுகிறான்’ என்ற கட்டம் வந்தபோதுதான், இடிமாறன் இன்னும் வரவில்லை என்பது மாசிலாமணிக்கு உறைத்தது. காலையிலிருந்து வராதவனை இப்போது நினைத்துக்கொண்டு போன் போட்டார்.

கோதண்டத்தின் போனில் மணி அடித்தால் சேவல் கூவும். சேவல் கூவியது. மர்ம மனிதரின் இடுப்புக்குள்ளிருந்து கூவியது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாசிலாமணி போனை வைத்தார். சேவல் நின்றது. மறுபடி போட்டார். மறுபடி கூவியது.

“கோதண்டம் போன் எப்படி இவர் வயித்துல அடிக்குது?” என்று மெல்லக் கேட்டார்.

ஒச்சப்பன் நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னான். “போன் எங்க இருக்கோ அங்கதான் ஆளும் இருப்பான். கோதண்டம் போனை விட்டுப் பிரியவே மாட்டான்.”

“அப்ப?”

“இவரு கோதண்டத்தை விழுங்கிட்டாருண்ணே.”

முத்துப்பேச்சி வாயில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, வயித்தைப் பாருங்க! கோதண்டம் அளவுக்கே இருக்கு! சால்னா வாசம் வேற வருது. காலையிலயே எனக்குத் தோணுச்சு, நாசமாப் போற புத்தி, சொல்லாம விட்டுட்டேனே!”

மாசிலாமணி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு மணி, சிமென்ட் கடை, மாமனார் எல்லாமே அவருக்கு அப்போது மறந்துபோனது. தினமும் சாயங்காலம் முட்டை பரோட்டாவில் ஒரு முட்டை கூடுதலாகப் போட்டுத் தரும் கோதண்டம்தான் கண்ணுக்குள் நின்றான். மர்ம மனிதரின் காலைக் கட்டிக்கொண்டு குழந்தைமாதிரி அழுதார்.

“ஐயா, அவன் அப்பாவி ஐயா! வாயைத் திறந்து துப்பிடுங்க! இந்தத் தொடரே வேண்டாம், நான் மூட்டையே தூக்கிக்கிறேன், எங்க கோதண்டத்தைத் துப்பிடுங்க!”

உள்ளே கோதண்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணன் தன்னைத் துப்பச் சொல்லித் தன் காலிலேயே விழுகிறார். பேசவும் முடியாது, சத்தியம். பொறுங்கள் என்று சொல்வதற்காக வலது கையை உயர்த்தினான்.

அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். ஏனென்றால் கதையின் அடுத்த வரி, ‘அவன் கையை உயர்த்தினால் காலம் அப்படியே நின்றுவிடும்.’

மூன்று பேரும் நின்றார்கள். மாசிலாமணி காலைக் கட்டியபடி, முத்துப்பேச்சி வாயில் அடித்தபடி, ஒச்சப்பன் கொட்டாவி விட்டபடி. காலம் மறுபடி எப்போது ஓடும் என்று ஆவுடையப்பன் எழுதவில்லை. மர்ம மனிதர் கையைக் கீழே இறக்கிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி தூக்கிக்கொண்டார். ஒச்சப்பன் வாய்க்குள் ஓர் ஈ போய், சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது. கேமரா பாட்டுக்கு மூடியோடு ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து முதலாளி அருளானந்தம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“என்னய்யா இது, பொம்மைக் கடையா?”

“காலம் நின்னுபோச்சு முதலாளி” என்றார் மாசிலாமணி, உதடு அசையாமல்.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மணி ஆறரை ஆகுது.”

“அப்ப ஓடுதா! அப்பாடா!” என்று மூன்று பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்கள். முதலாளி நேரே போய் முகமூடியைப் பிடுங்கினார். உள்ளே கோதண்டம், முகமெல்லாம் வேர்வை.

“துப்பிட்டாருடா!” என்று மாசிலாமணி பாய்ந்து அவனைக் கட்டிக்கொண்டார். “முதலாளி காப்பாத்திட்டாரு!” என்று ஒச்சப்பன் விசில் அடித்தான்.

“இல்லண்ணே, நான் காலையில இருந்து...” என்று கோதண்டம் தொடங்கினான்.

“பேசாதே தம்பி. வயித்துக்குள்ள கிடந்த உடம்பு. முதல்ல தண்ணி குடி” என்று முத்துப்பேச்சி சொம்பை அவன் வாயில் கவிழ்த்தாள். முதலாளி ஒருமுறை எல்லோரையும் பார்த்தார். பிறகு ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஞாயிறு, பதினோரு மணி. முதலாளியின் மச்சினன் ஒரு கட்டு கீழாநெல்லியோடு அலுவலகத்தில் தயாராக உட்கார்ந்திருந்தான். மாசிலாமணி சேவல் கூவிய இடத்திலிருந்து அரை மணி நேரத்தை வெட்டிக் கொடுத்திருந்தார்.

வெள்ளரிக்குளத்து டிவி எல்லாம் கும்மிருட்டானது. ஊரே டிவியின் தலையில் தட்டியது. அப்போது இருட்டுக்குள்ளிருந்து சேவல் கூவியது. “இவரு கோதண்டத்தை விழுங்கிட்டாருண்ணே” என்று ஒரு குரல். ஒரு பெண் அலறல். “எங்க கோதண்டத்தைத் துப்பிடுங்க” என்று ஓர் ஆண்பிள்ளையின் நெஞ்சு வெடிக்கும் அழுகை. பிறகு சத்தமே இல்லை. தட்டிய கையை யாரும் எடுக்கவில்லை. மச்சினன்கூடக் கீழாநெல்லியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

பதினொன்றரைக்கு அலுவலகத்தில் போன் அடிக்கத் தொடங்கியது, நிற்கவே இல்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான். முதலாளி மாசிலாமணியைக் கூப்பிட்டார். “பதினோரு மணி உனக்குத்தான்யா. போ. ஆனா ஊரே கேட்குது, அந்த மர்ம மனிதன் யாருய்யா?”

மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்தினார். “ஒருத்தருக்கும் தெரியாது முதலாளி. எழுதினபடி எடுத்திருக்கோம்.”

அவர் சந்தோஷம் தாங்காமல் பரோட்டாக் கடைக்கு ஓடினார். கோதண்டம் கல்லுக்கு முன்னால் மாவைக் கையில் வைத்தபடி ஏதோ யோசனையில் நின்றான். அவனும் அந்த அரை மணி நேரத்தைக் கடை டிவியில் பார்த்திருந்தான்.

“அண்ணே, நேத்து எனக்குப் புரியல. இப்பத்தான் புரியுது” என்றான். “ஒரே இருட்டு. மூச்சு முட்டுச்சு. வாயைத் திறக்க முடியல. நீங்க அழுறது மட்டும் வெளிய எங்கேயோ கேட்டுச்சு. அது வயிறேதாண்ணே.”

மாசிலாமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. “ரொம்பக் கஷ்டப்பட்டியாடா?”

கோதண்டம் நாலு முட்டை பரோட்டாவை வாழை இலையில் மடித்து, ஒரு பொட்டலம் சால்னாவும் சேர்த்து அவர் கையில் கொடுத்தான்.

“அவரை எங்கேயாவது பார்த்தா இதைக் கொடுத்துருங்கண்ணே. அத்தனை பசியிலயும் மனுசன் என்னைக் கடிக்கவே இல்ல.”