முதல் யானையில் யார்?

விசயதுங்க மகாராஜாவிடம் பெரிய யானைப்படை இருந்தது. அதை யார் மேல் ஏவுவது என்பதில்தான் அவருக்குக் குழப்பம்.

ஆற்றுக்கு வடகரை நாடும் தென்கரை நாடும் அடித்துக்கொண்டிருந்தன. இரண்டு தூதர்களும் ஒரே நாளில் வந்து, நியாயம் எங்கள் பக்கம்தான் என்று கண்ணீர் விட்டார்கள். தென்கரையார் எங்கள் வைக்கோற்போரைக் கன்றுகளோடு கொளுத்தினார்கள் என்றார் ஒருவர். வடகரையார் ஏரிக்கரையை வெட்டி எங்கள் பயிரை மூழ்கடித்தார்கள் என்றார் மற்றவர். ஒற்றர்களை அனுப்பி விசாரித்தால், பாழாய்ப்போன இரண்டுமே உண்மை.

மகாராஜா அரசவை விகடகவி மருதப்பரை அழைத்தார். "நல்லவர் யார், கெட்டவர் யார்? விளக்கு வைப்பதற்குள் சொல்லும். நல்லவருக்குத் துணையாகப் படை போகும். முதல் யானை மேல் நீர்தான்."

கோயில் யானை ஆசீர்வாதம் செய்யத் தும்பிக்கையைத் தூக்கினாலே தூணுக்குப் பின்னால் ஒளிகிற ஆசாமி மருதப்பர். எப்பாடுபட்டாவது படை கிளம்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மகாராஜாவைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டுத் தூதர்களைத் தனித்தனியே விருந்துக்கு அழைத்தார். வடகரைத் தூதருக்கு நெய் ஊற்றியபடியே, தென்கரையார் ஏரிக்கரையை வெட்டினார்களாமே என்று இழுத்தார். வெட்டியது தம் ஆட்கள் என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் எதிரியின் கணக்கில் வந்ததும் ரத்தம் கொதித்துவிட்டது.

"ஊருக்குச் சோறு போடுகிற தண்ணீரில் கைவைத்தவனைக் கழுவில் ஏற்ற வேண்டும்" என்றார்.

வைக்கோற்போரை எரித்தது வடகரையார் என்று சொன்னதும், தென்கரைத் தூதரும் பாயசத்தைத் தள்ளிவைத்துவிட்டு அதே கழுவைத்தான் கேட்டார்.

"இருவரும் தங்கள் ராஜாவையே கழுவேற்றிவிட்டார்களே" என்று சபைக்குத் திரும்பிய மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இன்னொரு ராஜாவும் உண்டு மகாராஜா" என்றார் மருதப்பர். "போன வருஷம் தம் வெற்றி ஊர்வலத்துக்காக முற்றிய நெல்லை யானைகள் மிதிக்கவிட்டார். அழுத குடியானவர்களுக்குச் சவுக்கடி."

"கொடியவன். யார் அவன்? படை இப்போதே கிளம்பட்டும்."

"யானைகள் அதிக தூரம் நடக்க வேண்டாம். கொட்டிலிலிருந்து அரண்மனை வாசல் வரைக்கும் வந்தால் போதும்."

மகாராஜாவின் முகம் சிவந்து, வெளுத்து, மெல்லத் தொங்கிப்போனது. நிஜமாகவே வெட்கப்பட்டார், அதுவும் சபை நடுவே. பிறகு, போருக்குப் பதில் யானைகள் நெல்மூட்டை சுமக்கட்டும் என்றார். மிதிபட்ட வயல்காரர்களுக்கு முதலில், அப்புறம் இரண்டு கரைக்கும்.

மருதப்பர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

"இந்த யோசனைக்குப் பரிசு வேண்டாமா?" என்றார் மகாராஜா. "முதல் யானை மேல் நீரே போய் நெல்லைக் கொடுத்துவிட்டு வாரும்."

ஏணி வந்தது. யானை காதை ஆட்டியது. மருதப்பர் அதை அண்ணாந்து பார்த்தார்; மகாராஜாவையும் பார்த்தார்.

"காலையில் கேட்டீர்களே மகாராஜா, கெட்டவர் யார் என்று. இப்போதுதான் எனக்குச் சந்தேகமறத் தெரிகிறது."